ஃபத்தூஷ் மேல் சுட்ட கோழி: பி.சி.ஓ.எஸ். உள்ளவர்களுக்கு ஒரு லெபனான் சாலட்

லெபனானில் விருந்து சாலட்டில்தான் தொடங்கும். மெஸ்ஸே என்று சிறு சிறு தட்டுகளாக அடுக்குவார்களே, அதில் தபூலேயும் ஃபத்தூஷும் முதலில் வந்துவிடும். ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கிற மேசையில் ஃபத்தூஷ் இல்லாத வீடு அபூர்வம். கறி அப்புறம்தான். அந்த ஃபத்தூஷின் மேல், ஷிஷ் தாவூக் பாணியில் எலுமிச்சை, பூண்டு, தயிரில் ஊறிச் சுட்ட கோழித் துண்டுகளைப் போட்டுவிட்டால் ஒரு வேளைச் சாப்பாடு முடிந்தது. புரதம் கூட, நார்ச்சத்து கூட, மாவுச்சத்து அளவோடு, நல்ல எண்ணெய் என்று பி.சி.ஓ.எஸ். உள்ள பெண்களுக்கு டயட்டீஷியன்கள் சொல்லும் கணக்கு இதில் தானாகவே ஒத்துவருகிறது. அதே பெயரில் ஹோட்டலில் வரும் தட்டில் பொரித்த ரொட்டியும் மாதுளைப் பாகும் பூண்டு சாஸும் சேர்ந்து அந்தக் கணக்கைக் கவிழ்த்தும் விடலாம். செய்முறையோடு சறுக்குகிற இடங்களையும் சேர்த்தே கீழே எழுதியிருக்கிறேன்.

1. முதலில் நோயைப் பற்றிக் கொஞ்சம். பேச்சில் பிசிஓடி, நீர்க்கட்டி என்று சொல்கிறோமே, அதுதான். 1935-இல் சிகாகோவின் ஸ்டெயின், லெவந்தால் என்ற இரண்டு மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினார்கள். ஸ்கேனில் தெரிகிற அந்தக் ‘கட்டிகள்’ முழுதாக வளராமல் நின்றுபோன சினைமுட்டைப் பைகள்; அறுத்தெடுக்க வேண்டிய கட்டிகள் இல்லை. பலருக்கு அடியில் இருப்பது இன்சுலின் எதிர்ப்பு. இருக்கிற இன்சுலினை உடல் சரியாக ஏற்றுக்கொள்ளாததால் கணையம் மேலும் மேலும் சுரக்கிறது. அந்த உபரி இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜனைக் கூட்டுகிறது. தள்ளிப்போகும் மாதவிடாய், பரு, முகத்தில் முடி எல்லாம் பெரும்பாலும் அந்த வழியாக வருபவை. ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது வரும். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் 13 சதவீதம் வரையிலானவர்களுக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் 70 சதவீதம் வரை தமக்கு இருப்பதே தெரியாமல் இருக்கிறார்களாம்.

2. ஆகவே எந்த சாலட்டும் மருந்தாகாது. 2023-இல் வந்த சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல், பி.சி.ஓ.எஸ்-க்கு இன்ன உணவுமுறைதான் சிறந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை, நீடித்துச் சாப்பிட முடிகிற சத்தான சாப்பாடு எதுவானாலும் சரி என்கிறது. கோதுமையை அடியோடு விடு, பாலை விடு என்று பயமுறுத்துகிற வீடியோக்களைப் பார்த்துக் குழம்புகிறவர்களுக்கு இது நிம்மதி தருகிற செய்தி. சாப்பிட்டதும் ரத்தச் சர்க்கரை குபீரென்று ஏறாமல் இருக்க வேண்டும், அடுத்த வேளை வரை பசி வந்து பிடுங்காமல் இருக்க வேண்டும். இந்தத் தட்டிடம் நாம் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். எடை கூடியிருப்பவர்களுக்கு உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் ஒழுங்குக்கு வரப் பலருக்கு உதவுகிறது. பட்டினி கிடந்து அதைச் சாதிக்க வேண்டியதில்லை.

3. இரண்டு பேருக்கான அளவு: தோலும் எலும்பும் நீக்கிய கோழி 300 கிராம், வேகவைத்த வெள்ளைக் கொண்டைக்கடலை அரை கப், பிஞ்சு வெள்ளரிக்காய் 2, கெட்டியான தக்காளி 2, சிவப்பு முள்ளங்கி 4 (வெள்ளை முள்ளங்கி என்றால் ஒரு சாண் துண்டு), ரோமைன் லெட்டூஸ் ஒரு சிறு கட்டில் பாதி, வெங்காயத்தாள் 3, பார்ஸ்லி ஒரு கைப்பிடி, புதினா ஒரு கைப்பிடி, குப்பூஸ் ரொட்டி பாதி. சாலட்டில் கலக்க எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு ஒரு பல், சுமாக் என்ற புளிப்புப் பொடி ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு. ஆளுக்குச் சுமார் 35 கிராம் புரதம் கிடைக்கும். நம் வழக்கமான மதியச் சாப்பாட்டில், சோறும் குழம்பும் ஒரு கரண்டிக் கூட்டும் என்றால், இதில் பாதி வருவதே பெரிது.

4. கோழிக்கடையில் பிரெஸ்ட் பீஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். தோல் உரித்த தொடைக்கறியில் கொழுப்பு கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் சுடும்போது காய்ந்து கட்டையாகாது. பழகாத கைக்கு அதுவே நல்லது. பிரெஸ்ட் வாங்கினால் தடிமனான துண்டைக் குறுக்கே பிளந்து இரண்டு தகடாக்கித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் குழாயடியில் பிடித்துக் கழுவுவது நம் வழக்கம். அதில் கிருமி போவதைவிட, தண்ணீர் தெறித்து பக்கத்திலிருக்கும் லெட்டூஸ் மேல் ஏறுவதுதான் அதிகம். கழுவியே தீர வேண்டும் என்றால் பாத்திரத்துக்குள் அலசித் தண்ணீரை மெதுவாக ஊற்றிவிட்டு, சிங்க்கை சோப்பு போட்டுத் தேய்த்த பிறகு காய்களை எடுங்கள். கோழி நறுக்கிய பலகையில் வெள்ளரி நறுக்கக் கூடாது. பச்சையாகச் சாப்பிடப் போகிற சாப்பாடு என்பதால் இதில் கறார் வேண்டும்.

5. ஊறவைக்கும் கலவையில் தயிர்தான் முக்கியம். கெட்டித் தயிர் 3 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு 3 பல், தக்காளி பேஸ்ட் ஒரு தேக்கரண்டி, காரம் குறைந்த சிவப்பு மிளகாய்ப் பொடி ஒரு தேக்கரண்டி (காஷ்மீரி மிளகாய்ப் பொடி கச்சிதம்), பட்டைப் பொடி ஒரு சிட்டிகை, மிளகு, உப்பு, எண்ணெய் ஒரு தேக்கரண்டி. கரம் மசாலாவைப் போட்டால் சிக்கன் டிக்காவாகிவிடும். லெபனான் சமையலில் மசாலா பின்னால் நிற்கும், எலுமிச்சையும் பூண்டும்தான் முன்னால். இரண்டு மணி நேரம் போதும். ராத்திரி முழுக்க ஊற வேண்டும் என்றால் எலுமிச்சையைக் காலையில் சேருங்கள். புளிப்பில் வெகுநேரம் கிடந்தால் கறியின் மேல்பக்கம் மாவாகிவிடும்.

6. லெபனானில் இதைக் கம்பியில் கோத்துக் கரியடுப்பில் சுடுவார்கள். நமக்கு இரும்புத் தோசைக்கல் போதும். நன்றாகக் காயவிட்டு, ஒட்டியிருக்கும் கலவையை வழித்துவிட்டு, துண்டுகளுக்கு நடுவே இடம் விட்டுப் போடுங்கள். நெருக்கிப் போட்டால் நீர் விட்டு வேகுமே தவிர சிவக்காது. ஒரு பக்கம் நான்கைந்து நிமிடம் கிளறாமல் விட வேண்டும். கறிக்குள் குத்தும் வெப்பமானி இருந்தால் 74 டிகிரி செல்சியஸ். இல்லாவிட்டால் தடிமனான துண்டை நடுவில் வெட்டிப் பாருங்கள், சிவப்பு துளியும் இருக்கக் கூடாது. இறக்கிய உடனே நறுக்காமல் ஐந்து நிமிடம் மூடி வைத்தால் சாறு உள்ளேயே நிற்கும். கறுத்துக் கரியானால்தான் ருசி என்று நினைப்பவர்கள் உண்டு. கரிந்த பகுதியை வெட்டிப் போடுவது நல்லது.

7. ரொட்டியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ஃபத்தூஷே ரொட்டியால் பிறந்தது. லெபனானைச் சுற்றியுள்ள லெவந்த் பகுதி வீடுகளில் முந்தின நாள் ரொட்டியை வீணாக்காமல் ஒடித்துக் காயோடு கலந்து சாப்பிட்டதுதான் இதன் ஆதி. வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் வீட்டில் குப்பூஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும்; ஷவர்மா சுற்றித் தருவதும் அந்த வகை ரொட்டியில்தான். நடுத்தர அளவு ரொட்டி ஒன்றில் 30 கிராமுக்கு மேல் மாவுச்சத்து இருக்கும். ஹோட்டலில் அதைப் பொரித்துப் போடுவார்கள். மாவோடு எண்ணெயும் சேரும். வீட்டில் பாதி ரொட்டியை எடுத்து, இரண்டு ஏடாகப் பிரித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவி, கொஞ்சம் சுமாக் தூவி, 180 டிகிரி சூட்டில் எட்டு முதல் பத்து நிமிடம் அவனில் வையுங்கள். அவன் இல்லையென்றால் தோசைக்கல்லில் சிறு தீயில் திருப்பித் திருப்பிப் போட்டால் அப்பளம்போல மொறுமொறுப்பாகிவிடும். ஒடித்து இரண்டு தட்டிலும் தூவினால் ஆளுக்கு எட்டு ஒன்பது கிராம் மாவுச்சத்துதான். வாய்க்கு மொறுமொறுப்பும் கிடைத்துவிடும். கோதுமை குப்பூஸ் என்றால் நார் கொஞ்சம் கூடும். அதற்காக அளவை இரட்டிக்கலாம் என்று அர்த்தமில்லை. முந்தின நாள் சப்பாத்தி மீந்திருந்தால் அதையும் இப்படியே செய்யலாம். ஃபத்தூஷின் நியாயம் அதுதானே?

8. சுமாக் இல்லாமல் ஃபத்தூஷ் இல்லை. மத்தியதரைக் கடல் பக்கத்து மலைச்சரிவுகளில் வளரும் ஒரு புதர்ச்செடியின் சிவந்த காய்க்கொத்து அது. கோடை முடிவில் பறித்துக் காயவைத்து இடிப்பார்கள். எலுமிச்சைபோல நாக்கில் சுரீரென்று தைக்காது, பழப்புளிப்பாக நின்று மணக்கும். பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. வாங்கியதும் நாக்கில் ஒரு துளி வையுங்கள். முதலில் உப்பு கரித்தால் உப்பு கலந்து அரைத்தது; சாலட்டில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நிறம் கருஞ்சிவப்பாக, கொஞ்சம் ஈரப்பதத்தோடு இருக்க வேண்டும். ரோஸ் பவுடர் மாதிரி பளபளத்தால் சந்தேகப்படலாம். கிடைக்காத ஊரில் எலுமிச்சைத் தோல் துருவலோடு அரைத் தேக்கரண்டி மாங்காய்ப் பொடி சேர்த்தால் பக்கத்தில் வரும். மாமரமும் முந்திரியும் சுமாக்கும் ஒரே தாவரக் குடும்பம். அதனாலேயே முந்திரி ஒவ்வாமை உள்ளவர்கள் சுமாக்கை யோசித்துத் தொட வேண்டும்.

9. வெங்காயத்தாளுக்குப் பதிலாகப் பெரிய வெங்காயம் போடுவதானால் மெல்லிசாக அரிந்து, அரைத் தேக்கரண்டி சுமாக்கும் உப்பும் சேர்த்துப் பிசறிப் பத்து நிமிடம் வையுங்கள். காரம் போய், இளஞ்சிவப்பாகி, தனியாகவே எடுத்துச் சாப்பிடத் தோன்றும்.

10. மாதுளைப் பாகில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ‘பழத்தின் சாறுதானே’ என்று தாராளமாக ஊற்றுகிறோம். மாதுளைச் சாற்றைக் கரும்பாகாகும் வரை சுண்டக் காய்ச்சியது அது. தண்ணீர் போய்விட்டது, சர்க்கரை அத்தனையும் தங்கிவிட்டது. கடைப் புட்டிகள் பலவற்றில் தனியாகச் சர்க்கரையோ குளுகோஸ் சிரப்போ வேறு சேர்ந்திருக்கும். லேபிளைத் திருப்பிப் படியுங்கள். பனிக்காலத்துக்காக வீட்டில் சேமித்து வைக்கும் பண்டங்களை லெபனானில் மூனே என்பார்கள். சுமாக், ஸாத்தர் என்ற மூலிகைப் பொடி, மாதுளைப் பாகு எல்லாம் அதில் அடக்கம். ஆனாலும் எல்லா வீட்டு ஃபத்தூஷிலும் பாகு விழுவதில்லை; எலுமிச்சையும் சுமாக்குமே போதும் என்கிறவர்கள் அங்கேயே உண்டு. நீங்களும் அந்தக் கட்சியில் சேரலாம். ஆசைப்பட்டால் இரண்டு பேருக்கு அரைத் தேக்கரண்டி. இல்லையென்றால் இரண்டு மேசைக்கரண்டி மாதுளை முத்து தூவினால் இனிப்பும் கிடைக்கும், நாரும் கிடைக்கும்.

11. அசல் ஃபத்தூஷில் போடுகிற ஒரு கீரையை நம்மூரில் தேடி அலைய வேண்டாம். லெபனானில் பக்லே என்கிற அந்தக் கொழகொழப்பான, புளிப்பான கீரை நம் பருப்புக்கீரையேதான். வயல் வரப்பிலும் தொட்டியிலும் தானாக முளைத்துக் கிடக்கும். மற்ற கீரைகளைவிட ஒமேகா-3 வகைக் கொழுப்பு இதில் அதிகம். நாம் பருப்போடு வேகவைத்துக் கடைகிறோம். அவர்கள் தளிரைக் கிள்ளிப் பச்சையாகப் போடுகிறார்கள். இளந்தளிராக ஒரு கைப்பிடி சேர்த்துப் பாருங்கள். ஆக்ஸலேட் அதிகமுள்ள கீரை என்பதால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் மட்டும் இதை விட்டுவிடுங்கள்.

12. புதினாவுக்கு ஒரு சின்னக் கதை உண்டு. ஸ்பியர்மின்ட் புதினா டீயை நாளுக்கு இரண்டு வேளை குடித்த பி.சி.ஓ.எஸ். பெண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் அளவு குறைந்ததாகத் துருக்கியிலும் இங்கிலாந்திலும் நடந்த சிறு ஆய்வுகள் காட்டின. இங்கிலாந்து ஆய்வு ஒரு மாதம்தான் நடந்தது. அதில் முகமுடி குறைந்ததாக அளந்து காட்ட முடியவில்லை. ஆகவே சாலட்டில் புதினாவை மணத்துக்காகப் போடுங்கள், மருந்தென்று நினைத்துக் கட்டுக்கட்டாகத் திணிக்க வேண்டாம். பார்ஸ்லி கிடைக்காவிட்டால் கொத்தமல்லி போடலாம், குடி முழுகிவிடாது. ஆனால் வாய் வைத்ததும் லெபனான் போய் நம்மூர் வந்துவிடும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பார்ஸ்லியைப் பொடிப்பொடியாக நசுக்கி அரியாதீர்கள், ஈரம் விட்டுக் கறுத்துவிடும். கூர்மையான கத்தியால் ஒரே வாகில் அரிய வேண்டும்.

13. கீரை, இலை எல்லாம் பெரிய பாத்திரத்தில் மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். ஓடும் குழாயில் காட்டுவதைவிட மண் அடியில் தங்கி நன்றாகப் போகும். பிறகு உலர்த்துவது அதைவிட முக்கியம். இலையில் ஈரம் இருந்தால் எண்ணெய் ஒட்டாது. புளிப்பு, உப்பு எல்லாம் தட்டின் அடியில் குட்டையாக நிற்கும், மேலே இருப்பது சப்பென்று இருக்கும். பழைய மெல்லிய பருத்தி வேட்டியில் பரப்பிச் சுருட்டிப் பத்து நிமிடம் வைத்தால் காய்ந்துவிடும். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்கு முயற்சி செய்பவர்களும் வெளியில் வாங்கும் பச்சை சாலட்டைத் தவிர்த்து, வீட்டில் கழுவியதை மட்டும் சாப்பிடுங்கள்.

14. ஆலிவ் எண்ணெய் நல்லதுதான். வடக்கு லெபனானில் கூரா பகுதி முழுக்க ஆலிவ் தோப்புகள். அங்கே எண்ணெயை ஊற்றுவதற்குக் கை கூசாது. ஆனால் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி. புட்டியைச் சாய்த்து ஊற்றாமல் கரண்டியில் அளந்து ஆளுக்கு ஒன்று. எக்ஸ்ட்ரா வர்ஜின் வகையை சாலட்டில் பச்சையாக ஊற்றத்தான் வாங்க வேண்டும். கோழி சுட வீட்டிலிருக்கும் கடலை எண்ணெய் போதும். அந்த விலைக்கு வாங்கியதைக் கல்லில் ஊற்றிப் புகைய விடுவானேன்?

15. பூண்டு சாஸ். தூம் என்று லெபனானில் வெள்ளை வெளேரென்று கோழிக்குத் தொட்டுக்கொள்ளத் தருவார்கள். அசல் தூமில் பூண்டு, எலுமிச்சை, உப்பு, எண்ணெய் மட்டும்தான், முட்டை கிடையாது. ஒரு கப் பூண்டுக்கு மூன்று கப்புக்குக் குறையாமல் எண்ணெய் இழுக்கும். பஞ்சுபோல இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது, ஒரு மேசைக்கரண்டி நூறு கலோரிக்குக் கிட்ட வந்துவிடும். நம்மூர் ஷவர்மா கடைகளில் பெரும்பாலும் அதன் இடத்தில் மயோனைஸ்தான் இருக்கிறது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடையே போட்டது. வீட்டில் இதற்குச் சுலபமான மாற்று உண்டு. ஒரு கப் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிடுங்கள். லெபனானின் லப்னே கிட்டத்தட்ட இதுதான். அதில் அரைப் பல் பூண்டு நசுக்கி, உப்பு, காய்ந்த புதினா ஒரு சிட்டிகை கலந்தால் சாஸ் தயார். புரதமும் கூடும். வடிந்த தண்ணீரைக் கொட்டாமல் குழம்பில் ஊற்றுங்கள்.

16. சாப்பிடுகிற வரிசையிலும் விஷயம் இருக்கிறது. அமெரிக்காவின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், ரொட்டி, சுட்ட கோழி, சாலட் கொண்ட ஒரே சாப்பாட்டை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ரொட்டியை முதலில் சாப்பிட்ட நாளைவிட, கோழியையும் சாலட்டையும் முதலில் முடித்துவிட்டு ரொட்டிக்கு வந்த நாளில் ரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் குறைவாகவே ஏறின. கலந்துகொண்டவர்கள் சர்க்கரை நோயாளிகள், அதுவும் பதினோரு பேர்தான். என்றாலும் செலவில்லாத பழக்கம், கெடுதலும் இல்லை. சாலட்டுக்குப் பிறகும் ஒரு கரண்டி சோறு வேண்டும் என்று மனம் கேட்டால், கடைசியில் சாப்பிடுங்கள். தபூலேயை லெபனான்காரர்கள் லெட்டூஸ் இலையிலோ முட்டைக்கோஸ் இலையிலோ அள்ளித்தான் சாப்பிடுவார்கள். ரொட்டிக்குப் பதில் இலை என்பது அவர்களுக்குப் புதிதில்லை.

17. கலக்கும் முறை: பூண்டை உப்போடு அம்மியிலோ சின்ன உரலிலோ விழுதாக நசுக்கி, எலுமிச்சை, சுமாக், எண்ணெய் சேர்த்து அடியுங்கள்; இதுதான் சாலட் சாஸ். வெள்ளரி முற்றலாக இருந்தால் விதைப் பகுதியைக் கரண்டியால் வழித்து எடுத்துவிடுங்கள். காய்களைப் பெரிய துண்டுகளாக நறுக்க வேண்டும். பொடியாக அரிந்தால் பச்சடியாகிவிடும். தக்காளியைக் கடைசியில் நறுக்குங்கள். கடலை, காய், இலை, சாஸ் எல்லாவற்றையும் கையாலேயே புரட்டிவிட்டு, மேலே கோழி, அதற்கும் மேலே ரொட்டி, கடைசியாக ஒரு சிட்டிகை சுமாக். ரொட்டி விழுந்த பிறகு காத்திருக்கக் கூடாது.

18. கோழி இல்லாத நாளில் கொண்டைக்கடலையை ஒன்றரை கப்பாக்கி, நூறு கிராம் பன்னீரைக் கல்லில் சிவக்க வாட்டிப் போடலாம். கடலையை ராத்திரி ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் வயிறு உப்புசம் குறையும். ஒரேயடியாக நாரைக் கூட்டினாலும் வயிறு முரண்டு பிடிக்கும். பழக்கமில்லாதவர்கள் முதல் வாரம் கால் கப்பில் தொடங்குங்கள். கடலையிலும் பார்ஸ்லியிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சை உதவும். மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போய், வரும்போது கொட்டித் தீர்க்கிறவர்களுக்கு இந்த இரும்பு அவசியம்.

19. ஆபீசுக்குக் கொண்டுபோவதானால் அடுக்கு முக்கியம். டப்பாவின் அடியில் சாலட் சாஸ், அதன்மேல் கடலை, வெள்ளரி, முள்ளங்கி, பிறகு முழுக்க ஆறிய கோழி, உச்சியில் இலைகள். ரொட்டி தனிப் பொட்டலத்தில். சாப்பிடும்போது குலுக்கிக் கொட்டினால் ஆயிற்று. சமைத்த கோழி வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான். நம்மூர் ஏப்ரல், மே மாதங்களுக்கு ஐஸ் பேக் வைத்த பையோ ஆபீஸ் பிரிட்ஜோ இல்லாமல் இதை எடுத்துப்போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சுட்டு வைத்த கோழி பிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். பூண்டு கலந்த எண்ணெயை வெளியில் வைக்கவே கூடாது; பிரிட்ஜிலும் இரண்டு மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

20. வெளியில் சாப்பிட்டால் மூன்றே வாக்கியம் சொல்லுங்கள்: ரொட்டியைத் தனியாக வையுங்கள், சாஸைத் தனியாகக் கொடுங்கள், கோழி கிரில் செய்ததாக இருக்கட்டும். தபூலே வாங்கினால் பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். லெபனான் தபூலேயில் பார்ஸ்லிதான் மலை, கோதுமை ரவை கொஞ்சம் தூவல். வெளிநாட்டு ஹோட்டல்களில் அது தலைகீழாகி, உப்புமாவில் கீரை தூவினதுபோல வந்து நிற்கும். கூட வரும் லெமன் மின்ட் ஜூஸில் எத்தனை கரண்டி சர்க்கரை என்று கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

21. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: மெட்ஃபார்மின் வயிற்றைப் புரட்டினால் சாப்பாட்டோடு எடுக்கச் சொல்வார்கள், அதை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். கோழியில் பி12 அதிகம் இல்லை, முட்டை, மீன், பால் பக்கம்தான் பார்க்க வேண்டும். ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்குப் பார்ஸ்லி, கீரையில் உள்ள வைட்டமின் கே இடைஞ்சல். திடீரென்று கூட்டாமல் மருத்துவரைக் கேட்டு ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். தைராய்டும் சேர்ந்து இருப்பவர்கள் நாலு வில்லை முள்ளங்கிக்குப் பயப்பட வேண்டாம்.

22. இதை ஒருத்திக்கு மட்டும் தனிப் பத்தியமாகச் செய்தால் ஒரு வாரத்தில் நின்றுவிடும். செய்கிறவருக்கும் அலுப்பு, சாப்பிடுகிறவருக்கும் ஒதுக்கி வைத்த உணர்வு. கோழியை அரைக் கிலோவாக ஊறவைத்துவிடுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு முழு குப்பூஸில் அதே கோழி, அதே வெள்ளரி, பூண்டுத் தயிர் வைத்துச் சுற்றிக் கொடுத்தால் வீட்டு ஷவர்மா. பெரியவர்களுக்குச் சோற்றோடு கோழியும், பக்கத்தில் சுமாக் போட்ட வெங்காயமும். பச்சைக் காய் ஒத்துக்கொள்ளாத வயதானவர்களுக்கு வெள்ளரியைத் துருவி அந்தத் தயிரிலேயே கலந்துவிடலாம். அடுப்பு ஒரு முறைதான் எரியும்.